கருப்பட்டி போட்ட கட்சுடோன்

அக்டோபர் 6, திங்கள்

இன்றிலிருந்து வாயில் போடுவதையெல்லாம் எழுதிவைக்க வேண்டுமாம். சர்க்கரை டாக்டரம்மா உத்தரவு. "நீங்க வாயால சொல்றத நான் நம்ப மாட்டேன் பர்க்மான்ஸ் சார், எழுதிக் கொண்டாங்க" என்றது அந்தப் பிள்ளை. தூத்துக்குடி துறைமுகத்தில் ஆயுசெல்லாம் கிரேன் ஓட்டியவனைப் பார்த்துப் பேசுகிற பேச்சா இது? சரி, எழுதித் தொலைப்போம்.

காலை: இட்லி மூன்று, தேங்காய்ச் சட்னி. மதியம்: சோறு, சாளைக் குழம்பு. சாயங்காலம்: மக்ரூன் ஒன்று. (இதை எழுத வேண்டாமென்று பார்த்தேன். எழுதிவிட்டேன்.) இரவு: சப்பாத்தி இரண்டு.

ஜெசிந்தா பெங்களூரில் இருக்கிறாள். மகள் பிரிசில்லாவுக்குப் பிரசவம் ஆகி மூன்று வாரம்தான் ஆகிறது, பொங்கலுக்கு முன்னால் வர மாட்டாள். வீட்டில் நானும் மகன் ரெக்சனும் மட்டும். சமையல் எனக்கொன்றும் புதிதல்ல. அவள் ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்த்த காலத்தில் பிள்ளைகளுக்கு நான்தான் பொங்கிப் போட்டேன்.

ரெக்சன் போன மாதக் கடைசியில் ஜப்பானிலிருந்து வந்தான். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வயசாளிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, எல்லாம். அம்மா நர்ஸ் என்பதால் அதில் அவனுக்குக் கூச்சம் கிடையாது. ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருடம் பாக்கி இருக்கும்போது ஒரே ஒரு பெட்டியோடு வந்து இறங்கினான். "லீவாப்பா" என்றான். எத்தனை நாள் லீவு என்று கேட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டான். பாதி ஆளாக இருக்கிறான்.

ஜெசிந்தா போனில் கேட்டாள். நன்றாகச் சாப்பிடுகிறான் என்று சொல்லிவைத்தேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

எனக்கு: வழக்கம்போல.

ரெக்சன்: தோசை பாதி. மதியம் தயிர்ச்சோறு நாலு வாய். இரவு "பசிக்கலப்பா." டாக்டரம்மாவுக்கு இது தேவையில்லை, நான்தான் எழுதுகிறேன்.

அக்டோபர் 9, வியாழன்

வீட்டில் சில்லறை வேலைகள் பார்த்தேன். குளியலறைத் தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது, கழற்றிவிட்டேன். அவன் அறைத் தாழ்ப்பாளையும் கையோடு கழற்றினேன். வேறு வாங்கி மாட்ட வேண்டும், அவசரமில்லை. ஃப்ரிட்ஜ் மேல் கிடந்த ஜெசிந்தாவின் மாத்திரைகளையும் என் மாத்திரைகளையும் பீரோவில் வைத்துப் பூட்டினேன். எறும்பு வருகிறது. எலி மருந்தைக் கொட்டினேன், எங்கள் வீட்டில் இப்போது எலியே இல்லை.

மொட்டை மாடியில் துணி காயப்போடும் நைலான் கயிறு வெயிலில் இற்றுப்போயிருந்தது. அதைச் சுருட்டி இஞ்ஞாசி வீட்டில் கொண்டுபோய்ப் போட்டேன். இஞ்ஞாசி என்னோடு துறைமுகத்தில் வேலை பார்த்தவன், நாலு வீடு தள்ளி இருக்கிறான்.

"இத்துப்போன கயித்த எனக்கு எதுக்கு வே குடுக்குத?"

"படகு கட்ட ஆகும்லா."

"என்ட்ட எங்க வே படகு இருக்கு?" என்றபடி கயிற்றை இழுத்துப் பார்த்தான். அது புதுக் கயிறு. என் முகத்தைப் பார்த்தான், பிறகு அதை உள்ளே எடுத்துக்கொண்டு போனான்.

இன்றிலிருந்து படுக்கையை ஹாலுக்கு மாற்றிவிட்டேன், அவன் அறைக் கதவுக்கு நேர் எதிரே. ஹாலில் காற்று நன்றாக வருகிறது.

ரெக்சன்: காலையில் ஒன்றுமில்லை. மதியம் வாவல் மீன் வறுத்துவைத்தேன், அவனுக்கு உயிர். கிள்ளி ஓரமாக வைத்துவிட்டு எழுந்துவிட்டான். அந்த மீனை நான்தான் தின்றேன். (இதையும் எழுத வேண்டும்: வாவல் இரண்டு.)

அக்டோபர் 11, சனி

ஒரு வழி கிடைத்திருக்கிறது!

போனில் ரெக்சன் பழைய நாட்களில் அனுப்பியதையெல்லாம் மேலே தள்ளிக்கொண்டே போனேன். சித்திரையிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரே பதார்த்தத்தின் படம். ஒரு கிண்ணத்தில் சோறு, அதன்மேல் பொரித்த பன்றிக்கறித் துண்டு, மேலே முட்டை. கீழே ஒரு வரி எழுதியிருக்கிறான். "இன்னிக்கு நல்லா வந்திருக்குப்பா." "இன்னும் கொஞ்சம் மெத்துன்னு வரணும்." "இந்தத் தடவ சூப்பர்." அவனே அவன் அறையில் சமைத்தது. பெயர் கட்சுடோன். நான் அப்போது "பன்னிக்கறிய முட்டையில முக்கி சோத்து மேல போட்டா அதுக்கு ஒரு பேரா" என்று கிண்டல் பண்ணியிருக்கிறேன், அவன் சிரிப்புப் படம் அனுப்பியிருக்கிறான். ஜூலை மாதத்தோடு படங்கள் நின்றுவிட்டன. அதற்குப் பிறகு "நல்லாருக்கேன்" மட்டும்தான்.

வாரம் தவறாமல் செய்து தின்றிருக்கிறான் என்றால் அவனுக்கு அது எவ்வளவு பிடித்திருக்க வேண்டும்! நானோ சாளையையும் வாவலையும் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், மடையன்.

யூடியூபில் பார்த்தேன். ஒரு ஜப்பான்காரம்மா வாயே திறக்காமல் செய்துகாட்டுகிறாள். கறியை விரல் கனத்துக்குத் தட்டையாக வெட்டி, மாவில் புரட்டி, முட்டையில் முக்கி, ரொட்டித்தூளில் உருட்டி எண்ணெயில் பொரிக்கிறாள். பிறகு இனிப்பும் உப்புமான ஒரு சாற்றில் வெங்காயத்தோடு அதைக் கொதிக்கவிட்டு, முட்டையை அடித்து ஊற்றி, முட்டை பாதி வெந்ததும் அப்படியே சோற்றின்மேல் சரிக்கிறாள். இவ்வளவுதான். இது ஒரு வித்தையா?

அவனிடம் மூச்சு விடவில்லை. திடீரென்று முன்னால் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

அக்டோபர் 12, ஞாயிறு

வித்தைதான்.

பூசை முடிந்து நேரே கறிக்கடைக்குப் போனேன். ஒரு கிலோ பன்றிக்கறி என்று சொல்லிவிட்டு இஞ்ஞாசியோடு இரண்டு வார்த்தை பேசித் திரும்புவதற்குள் கடைக்காரன் அத்தனையையும் குழம்புக்குத் துண்டு போட்டுவிட்டான். அவன் கை வேறெப்படியும் வெட்டாது.

"ஐயோ, எனக்கு முழுசா வேணும்யா, பலகையா!"

"பலகையாவா? கதவா செய்யப் போறீய அண்ணாச்சி?"

கடையில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். வாங்கியாயிற்று, இதிலேயே செய்து பார்ப்போம் என்று வந்தேன். கறியை மஞ்சள் போட்டு மூன்று தண்ணீர் கழுவினேன். பன்றிக்கறியைக் கழுவாமல் சமைக்க எனக்குத் துணிச்சல் கிடையாது. அது சொதசொதவென்று ஈரமாக இருந்ததால் மாவும் ஒட்டவில்லை, முட்டையும் ஒட்டவில்லை. ரொட்டித்தூளுக்கு வீட்டில் இருந்த ரஸ்க்கைப் பொடித்துப் போட்டேன். அது ஏலக்காய் ரஸ்க், இனிப்பு. எண்ணெயில் விழுந்த மாத்திரத்தில் கருத்துவிட்டது. உள்ளே கறி பச்சை, வெளியே கரி, வீடெல்லாம் ஏலக்காய்ப் புகை.

ரெக்சன் எட்டிப் பார்த்தான். "என்னப்பா கருகுது?"

"ஒண்ணுமில்லல. சும்மா பொரியல்."

அவனாக வாயைத் திறந்து ஒன்று கேட்டது வந்த நாளிலிருந்து இதுதான் முதல் தடவை. அதற்காகவே இன்னும் ஒரு கிலோ கருக்கலாம்.

கறியையெல்லாம் மிளகு போட்டுக் குழம்பாக்கி இஞ்ஞாசிக்குக் கொடுத்துவிட்டேன். ரெக்சன்: வெறும் சோறு, ரசம், ஆறு வாய். தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொள்கிறான். இது என்ன புதுப் பழக்கம்?

அக்டோபர் 13, திங்கள்

ஜெசிந்தா: "வீடியோவுல காட்டுங்க அவன."

நான்: "தூங்குதான்."

ஜெசிந்தா: "காலைல பதினோரு மணிக்கா? உண்மையச் சொல்லுங்க, என்னத்த மறைக்கீங்க?"

நான்: "ஒன் பேரன் அழுவுதான் பாரு, போய்ப் பாரு."

வைத்துவிட்டேன். அவளுக்குத் தெரிந்தால் அடுத்த ரயிலில் ஏறிவிடுவாள். அங்கே பச்சை உடம்புக்காரி தனியாகக் கிடந்து தவிப்பாள்.

அக்டோபர் 15, புதன்

சாற்றுக்கு வேண்டியதைச் சேர்த்தேன். சோயா சாஸ் சூப்பர் மார்க்கெட்டில் கிடைத்தது. அந்தம்மா மரக்கட்டை போல ஒன்றைச் சீவிச் சீவித் தண்ணீரில் போட்டு வடிகட்டுகிறாள். என்னடா இது என்று போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அட, நம்ம மாசி! காய்ந்த சூரை மீன். தூத்துக்குடிக்காரனுக்கா மாசிக் கருவாடு தெரியாது? தெருக்கோடிக் கடையில் வாங்கிவந்து தட்டிக் கொதிக்கவைத்தேன்.

அரிசியில் காய்ச்சிய ஏதோ ஒரு தித்திப்புச் சாராயமும் ஊற்றுகிறாள். அதற்கு எங்கே போக? உடன்குடிக் கருப்பட்டியில் ஒரு துண்டு கிள்ளிப் போட்டேன். மாசிச் சாறு, சோயா, கருப்பட்டி, வெங்காயம். கரண்டியால் ருசி பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு நன்றாக இருந்தது. அடுப்படியில் தனியாக நின்று நாக்கைச் சப்புக்கொட்டினேன். பிறகு அவன் அறைக்கதவைப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது.

(கருப்பட்டிச் சாறு: இரண்டு கரண்டி. டாக்டரம்மா மன்னிக்க.)

அக்டோபர் 16, வியாழன்

மதியம் பால் வாங்கப் போய்விட்டு வந்தால் அறையில் அவன் இல்லை. போன் கட்டில்மேல் கிடந்தது. மாடிக்கு ஓடினேன். இல்லை. குளியலறை, கொல்லை, இஞ்ஞாசி வீடு, எங்கும் இல்லை. இஞ்ஞாசி பைக்கை எடுத்தான். பஸ் நிலையம், கோவில், கடற்கரை என்று அலைந்தோம். எனக்கு மூச்சு வாங்கியது. பின்னால் உட்கார்ந்தபடி "மாதாவே மாதாவே" என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது.

கடலோரச் சுவரில் உட்கார்ந்திருந்தான்.

"காத்து வாங்க வந்தேன்ப்பா" என்றான். வாயில் வந்ததையெல்லாம் விழுங்கிவிட்டு, "சரி, வா, மழை வருது" என்றேன். வானத்தில் ஒரு மேகமும் இல்லை.

பயமாக இருக்கிறது. தாழ்ப்பாள், எறும்பு, காற்று என்று இத்தனை நாள் கதை அளந்தது போதும். என் பிள்ளை செத்துப்போய்விடுவானோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 19, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கறிக்கடையில் வெட்டுகிறவனின் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். "பலகை அண்ணாச்சி வந்துட்டாவ" என்று அவனே சிரித்துக்கொண்டு முதுகுப் பக்கத்தில் தட்டையாக நாலு துண்டு அறுத்துத் தந்தான். கழுவி, துணியில் ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுத்தேன். சாதாரண ரொட்டியை உதிர்த்துக் காயவைத்திருந்தேன். பொன்னிறமாகப் பொரிந்தது. பச்சரிசியைக் கொஞ்சம் குழையவிட்டேன். சாறு கொதித்தது, முட்டையை ஊற்றினேன், மூடிவைத்தேன். திறந்தால், அவன் அனுப்பிய படத்தில் இருந்தது அப்படியே என் சட்டியில் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ரெக்சா, ஏல, வெளிய வா! அப்பா என்ன செஞ்சிருக்கேன் பாரு!"

வந்தான். மேசையில் இரண்டு கிண்ணத்தையும் பார்த்தான். முகம் வெளுத்துப்போனது எனக்குத் தெரிந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். நான் மடையன், ஆச்சரியத்தில் நிற்கிறான் என்று நினைத்தேன்.

"உக்காருல. ஆறிரும். இந்தா, எப்படித் திங்கணும்னு நான் காட்டுதேன்."

ஒரு பெரிய துண்டை எடுத்து வாயில் போட்டேன். ஷிப்டு நேரத்தில் பத்து நிமிடத்தில் விழுங்கி எழுந்தே பழகியவன் நான், இன்றைக்கும் மெல்லவில்லை. போதாததற்கு "எப்படி இருக்குன்னா" என்று பேசவும் செய்தேன். லேசாகப் புரையேறியது. இரண்டு இருமல். அவ்வளவுதான்.

அவன் மேசையைச் சுற்றி வரவில்லை, தாண்டி வந்தான். கிண்ணம் கீழே விழுந்து உடைந்தது. என் கழுத்தைப் பிடித்துக் குனியவைத்து முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தான். "துப்புங்க! துப்புங்கப்பா! துப்புங்க!" விரலை என் வாய்க்குள் விட்டுக் கிடந்ததையெல்லாம் தோண்டி எடுத்தான். "ஏல, ஒண்ணுமில்லல, விடுல" என்று நான் சொல்லியும் விடவில்லை. அப்புறம் தரையில் கிடந்த சோற்றைப் பார்த்தான். ஜப்பான் பாஷையில் என்னவோ திரும்பத் திரும்பச் சொன்னான். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

நான் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருக்கிறேன். என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு விளங்கவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. தெருவெல்லாம் வெடி. ரெக்சன்: தண்ணீர் மட்டும்.

அக்டோபர் 22, புதன்

காலையில் நல்ல மழை. நான் அடுக்களையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். அவனாக வந்தான். தொட்டியில் கிடந்த பாத்திரங்களைத் தேய்க்கத் தொடங்கினான். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசினான். நான் அடுப்பை அணைத்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றேன்.

"அங்க ஒரு தாத்தா இருந்தாருப்பா. ஒகாபேன்னு பேரு. தொண்ணூறு தாண்டிட்டு. பள்ளிக்கூட வாத்தியாரா இருந்தவரு. அவருக்கு முழுங்க வராது, எல்லாத்தையும் அரைச்சுக் கூழாத்தான் குடுக்கணும். மீனும் கூழு, காயும் கூழு. கலரு மட்டும்தான் வேற. தெனமும் என்னட்ட கேப்பாரு, கட்சுடோன் எப்போ தருவன்னு."

"ம்."

"அவருக்காகத்தான் சனிக்கிழமயெல்லாம் ரூம்ல செஞ்சு பாத்தேன். நாக்காலயே நசுக்குற மாதிரி வரணும். அந்தப் படத்தத்தான் ஒங்களுக்கு அனுப்புனேன்."

மெத்துன்னு வரணும், மெத்துன்னு வரணும் என்று அவன் எழுதியிருந்ததெல்லாம் யாருடைய வாய்க்காக!

"ஜூலையில அவருக்குப் பொறந்தநாளு. செஞ்சு கொண்டுபோனேன். யார்ட்டயும் கேக்கல. கேட்டா விட மாட்டாங்க. மொத வாய் நல்லா முழுங்குனாரு. ரெண்டாவதும் முழுங்குனாரு. அப்புறம் அழுதாருப்பா, சந்தோசத்துல. அழுதுகிட்டே வாயத் தொறந்தாரு. நானும் மூணாவது வாயக் குடுத்துட்டேன். அழும்போது குடுக்கவே கூடாது. மூச்சு ஏங்கும், உள்ள இழுத்துக்கும். எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் குடுத்தேன்."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் கையில் ஒரே டம்ளரை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில இருந்தாரு. அப்புறம் போயிட்டாரு. அவரு மக வந்தாவ. நான் கால்ல விழலாம்னு போனேன். அவிய எனக்கு முன்னாடி குனிஞ்சு, அப்பா ஆசப்பட்டதச் சாப்ட்டுட்டுப் போனாங்க, ரொம்ப நன்றின்னு சொன்னாவ. ஏசியிருக்கலாம்லாப்பா? ஒரு அறை அறைஞ்சிருக்கலாம்லா?"

வேலையை விட்டு யாரும் துரத்தவில்லையாம். துணி துவைக்கிற பக்கம் மாற்றினார்களாம். கரண்டியை எடுத்தால் கை ஆடுகிறதாம். தன் வாய்க்குக் கொண்டுபோகும்போதும் ஆடுகிறதாம். சோற்றைப் பிசைந்து எடுத்தாலும் அதேதானாம். தொடைக்கடியில் கையை ஒளித்துக்கொண்டது அதனால்தான்.

நான் என்ன சொல்ல? உன் தப்பில்லை என்று சொன்னால் பொய். உன் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. "ஆசையாத்தானல செஞ்சு குடுத்த மக்கா" என்றேன். அது போதாது என்று சொன்னவுடனே எனக்குத் தெரிந்தது.

அவன் குழாயை அடைத்தான். "மத்த தாழ்ப்பாளெல்லாம் துருப்பிடிக்கலயாப்பா?"

இதற்குமேல் மழுப்ப முடியாது. கேட்டேவிட்டேன். "ஒனக்கு அப்படி எதும் நெனப்பு இருக்கால?"

"சில நேரம் வருது. வரும்போது ஹாலுக்கு வந்து நிப்பேன். நீங்க குறட்ட விடுதீயளான்னு பாப்பேன். விட்டா, திரும்பப் போய்ப் படுத்துருவேன்."

இத்தனை நாளும் நான்தான் கண்கொட்டாமல் அவனைக் காவல் காக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 24, வெள்ளி

நேற்று சர்க்கரை டாக்டரம்மாவிடம் போய் நோட்டை நீட்டாமல் விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பிள்ளை கிண்டல் எதுவும் பண்ணவில்லை. மனநல டாக்டர் ஒருவருக்கு அப்போதே போன் போட்டுப் பேசியது. இன்று ரெக்சனைக் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே ரொம்ப நேரம் இருந்தான். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், என் கையால்தான் கொடுக்க வேண்டும். அடுத்த வெள்ளி மறுபடி போக வேண்டும். "சாப்பிட வைங்க, ஆனா கட்டாயப்படுத்தாதீங்க" என்றார் டாக்டர். இரண்டையும் சேர்த்து எப்படிச் செய்வது என்று அவர் சொல்லவில்லை.

ஜெசிந்தாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முதலில் அழுதாள். பிறகு என்னைக் கிழி கிழியென்று கிழித்தாள். "நர்ஸுங்க நான். என்ட்டயா மறைச்சீங்க?" கேட்க வேண்டிய கேள்விதான். அப்புறம் மகனிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள். அவன் "ம்மா" என்றான், அவ்வளவுதான், அதற்குமேல் அங்கே அவள் பேசிக்கொண்டே இருந்தாள், இவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

ரெக்சன்: கஞ்சி, டம்ளரில் ஊற்றி உறிஞ்சுகுழல் போட்டுக் கொடுத்தேன். முக்கால் டம்ளர்.

அக்டோபர் 26, ஞாயிறு

பூசைக்குக்கூடப் போகவில்லை. கறிக்கடைக்கு மட்டும் போனேன்.

மேசையில் கறியை வைத்துவிட்டு அவனைக் கூப்பிட்டேன். "அந்தத் தாத்தாவுக்குச் செஞ்ச மாதிரியே எனக்குச் செஞ்சு குடு."

"என்னப்பா பேசுதீய? முடியாது."

"எனக்குத் திங்கணும் போல இருக்கு."

"முடியாதுன்னா முடியாதுப்பா!"

"அப்போ நானே செய்வேன். போன வாரம் மாதிரியே கடகடன்னு முழுங்குவேன். விக்கிச்சுன்னா நீ பாத்துக்க."

இது அடாவடிதான், எனக்கே தெரியும். டாக்டர் கேட்டால் என்னைத்தான் முதலில் ஏசுவார். அவன் என்னை முறைத்தான். பல்லைக் கடித்தான். பத்து நிமிடம் அறைக்குள் போய் இருந்தான். நான் வேண்டுமென்றே கத்தியை எடுத்துத் தப்பும் தவறுமாகக் கறியை அறுக்கத் தொடங்கினேன். சத்தம் கேட்டு வந்து கத்தியைப் பிடுங்கிக்கொண்டான். "நார குறுக்கால அறுக்கணும். இப்படி அறுத்தா தொண்டையில நிக்கும்."

அவன் செய்ததைப் பார்த்தபோதுதான் நான் செய்தது ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது. கறியில் பொடிப்பொடியாகக் கீறல் போட்டு, கத்தி முதுகால் இருபக்கமும் தட்டினான். வெங்காயத்தைத் துருவிப் பிழிந்து அந்தச் சாற்றில் ஊறப்போட்டான். ரொட்டித்தூளை மாவுபோல நுணுக்கினான். கை ஆடியது, முட்டையைக் கிண்ணத்துக்கு வெளியே உடைத்துவிட்டான். நான் துடைத்தேன். பொரித்ததை, நான் காய்ச்சிவைத்திருந்த சாற்றில் சின்னத் தீயில் வெகு நேரம் வேகவிட்டான். சாற்றை ருசி பார்த்துவிட்டு நின்றான்.

"இதுல என்ன போட்டீய?"

"மாசி. கருப்பட்டி."

"கருப்பட்டியா!" என்றான். இன்னொரு தரம் ருசி பார்த்தான். "நல்லாருக்குப்பா."

கத்தரிக்கோலால் கறியைச் சோற்றின்மேலேயே பயறு அளவுக்கு வெட்டினான். என்னை நாற்காலியில் உட்காரவைத்தான். "சாயாதீங்க. ரெண்டு காலும் தரையில இருக்கட்டும். நாடிய இறக்குங்க, தாடை நெஞ்சப் பாத்து இருக்கட்டும். வாயில இருக்கும்போது பேசக் கூடாது." எனக்கு எதிரில் ஒரு முக்காலியைப் போட்டு என்னைவிடத் தாழ்வாக உட்கார்ந்தான். தலையைத் தூக்கி வாங்கினால் தொண்டை தப்பாகத் திறக்குமாம், அதனால் ஊட்டுகிறவன்தான் கீழே உட்கார வேண்டுமாம்.

கரண்டியை எடுத்தான். அது ஆடிய ஆட்டத்தில் சாறு என் சட்டையில் கொட்டியது. அவன் கையைப் பிடிக்கலாமா என்று எனக்குத் துடித்தது. பிடித்தால் கெட்டது. என் இரண்டு கையையும் முட்டிமேல் வைத்து அழுத்திக்கொண்டேன். வாயைத் திறந்தேன்.

முதல் வாய். மென்றேன். அவன் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். விழுங்கினேன்.

"ஆ காட்டுங்க."

அறுபத்திரண்டு வயதில் வாயை அகலத் திறந்து காட்டினேன். "நாக்கத் தூக்குங்க." தூக்கினேன். உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அடுத்த கரண்டியை எடுத்தான்.

இரண்டாவது வாய். விழுங்கினேன். ஆ காட்டினேன்.

மூன்றாவதுக்குக் கரண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. அவன் உதடு வெளுத்தது. எனக்கா, கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வருகிறது. இந்த ஒரு வாய்க்கு அழக் கூடாது, பர்க்மான்ஸ், இந்த ஒரு வாய்க்கு மட்டும் அழக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிலக்கரிக் கப்பலை நினைத்தேன். யூனியன் சண்டையை நினைத்தேன். என்னை ஒரு முறை சஸ்பெண்ட் பண்ணிய சூப்பர்வைசரின் மூஞ்சியை நினைத்தேன். கண் காய்ந்தது. மூக்கால் ஒரு மூச்சு விட்டுவிட்டு வாயைத் திறந்தேன்.

கரண்டி வந்தது. வாயை மூடினேன். மென்றேன், மென்றேன், வாழ்நாளில் ஒரு கவளத்தை நான் அவ்வளவு மென்றதில்லை. விழுங்கினேன். கருப்பட்டி தித்தித்தது.

"ஆ காட்டுங்கப்பா."

காட்டினேன். குனிந்து, நிமிர்ந்து, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு முக்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து என் முட்டியில் நெற்றியை வைத்து ஓவென்று அழுதான். நான் அவன் தலையில் கையை வைத்தேன். அழட்டும் என்று விட்டுவிட்டேன். ஏங்கல் முழுக்க அடங்கி, மூக்கைச் சிந்தி, மூச்சு சீராகிற வரைக்கும் காத்திருந்தேன். ஒரு வாயும் கொடுக்கவில்லை.

அப்புறம் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நாற்காலியை விட்டு இறங்கி, அவனுக்கு எதிரே, அவனைவிடத் தாழ்வாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். கரண்டியில் கொஞ்சமாக அள்ளினேன்.

"நாடிய இறக்குல."

இறக்கினான். வாங்கிக்கொண்டான். மெதுவாக மென்றான். நான் அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஏறி இறங்கியது.

"ஆ காட்டு."

காட்டினான். நாக்கையும் தூக்கிக் காட்டினான். ஒன்றும் இல்லை, எல்லாம் உள்ளே போய்விட்டது.